ராமநாதபுரத்தில் குரோமோசோம் பரிசோதனையும் மரபியல் ஆலோசனையும்: எங்கள் மதிப்பீடு

மண்டபத்தில் வசிக்கும் என் அக்காள் மகளுக்குப் பதினாறு வயது கடந்தும், மார்பு வளர்ச்சி இயல்பாக இருந்தும், மாதவிடாய் வரவில்லை. ஸ்கேனில் கருப்பை தென்படாததால் மகப்பேறு மருத்துவர் குரோமோசோம் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ராமநாதபுரத்தில் ரத்தம் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பி, பின்னர் காணொளி வழியாக மரபியல் ஆலோசகரிடம் பேச வைக்கும் ஒரு மையத்தை நாடினோம். பிள்ளை சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்; அவளுடைய அடையாளம் காக்கப்பட வேண்டும் என்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

ரத்தம் எடுத்த பணியாளர் தொழில் அறிந்தவர். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாயில்தான் மாதிரியைச் சேகரித்தார். வெள்ளணுக்களை உயிருடன் வளர்த்து, அவை பிரியும் தருணத்தில் நிறுத்திச் சாயமேற்றிய பிறகே குரோமோசோம்களை எண்ண முடியும் என்பதால், முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்று முன்கூட்டியே தெரிவித்தார்.

ஆனால் அறிக்கையைத் தந்த முறை மிகவும் தவறானது. ஆலோசனைக்கு முன்பே, ஒட்டப்படாத உறையில், வரவேற்பு மேசையிலேயே அதைக் கொடுத்துவிட்டார்கள். "46, எக்ஸ்ஒய்" (மொத்தம் 46 குரோமோசோம்கள், அவற்றுள் பாலினக் குரோமோசோம்கள் எக்ஸும் ஒய்யும்) என்பதற்கு அருகில் "ஆண்" என்று அச்சிடப்பட்டிருந்த அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, ஆலோசனை நாள் வரை வீடே தவித்தது. இப்படிப்பட்ட அறிக்கையை விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் எந்தக் குடும்பத்தின் கையிலும் கொடுக்கக் கூடாது.

ஆலோசகர் அவசரப்படவே இல்லை. கருவின் தொடக்க வாரங்களில் எல்லோருக்கும் விரையாகவோ சூலகமாகவோ வளரக்கூடிய பாலினச் சுரப்பிகள் ஒரே வடிவில் இருப்பதையும், ஒய் குரோமோசோமிலுள்ள எஸ்ஆர்ஒய் மரபணு அவற்றை விரைகளாக வளரத் தூண்டுவதையும் படம் வரைந்து விளக்கினார். எங்கள் பிள்ளைக்கு வயிற்றுக்குள் விரைகள் உருவாகி, அவை சுரந்த ஒரு ஹார்மோன் கருப்பை வளர்வதைத் தடுத்திருக்கிறது. ஆனால் அவை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை ஏற்கும் ஏற்பி உடலின் செல்களில் வேலை செய்யாததால், புற உறுப்புகள் பெண்ணுக்குரியவையாகவே வளர்ந்திருக்கின்றன. அந்த டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரஜன் என்னும் பெண் ஹார்மோனாக மாறியதே மார்பு வளர்ச்சிக்குக் காரணம். இதற்கு முழுமையான ஆண்ட்ரஜன் உணர்விலி நிலை (ஆண் ஹார்மோன்களை உடல் உணராத நிலை) என்று பெயர் என்றும், ஆண் அல்லது பெண் என்ற வழக்கமான உடலமைப்பில் முழுமையாக அடங்காத பிறவி நிலைகளான இடைப்பாலின வேறுபாடுகள் பலவற்றுள் இது ஒன்று என்றும் கூறிவிட்டு, பிள்ளையிடம் நேரடியாக, "நீ இதுவரை உன்னை யாராக உணர்ந்தாயோ அவளேதான் அம்மா, அறிக்கை உன்னை மாற்றவில்லை" என்றார். அந்தப் பேச்சுக்காகவே இந்தச் சேவையை நான் பரிந்துரைப்பேன்.

கடலுக்குப் போகும் என் அத்தான், களவாய் மீன் பெண்ணாக வளர்ந்து பின்னர் ஆணாவதைப் போல இவளும் மாறுவாளா என்று கேட்டார். ஆலோசகர் அந்தக் கேள்வியை மதித்து, மீனுக்கு அது வளர்ந்த பின் நிகழும் மாற்றம் என்றும், பிள்ளையின் உடலமைப்பு கருவிலேயே அமைந்துவிட்ட ஒன்று என்றும், இனி மாறப்போவதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்.

வேறொரு மருத்துவர் விரைகளை உடனே அகற்றிவிடச் சொல்லியிருந்தார். பூப்புப் பருவம் முடியும்வரை புற்றுநோய் அபாயம் குறைவு என்பதையும், அகற்றினால் எலும்பின் வலிமைக்காக ஹார்மோன் மருந்து தொடர்ந்து எடுக்க வேண்டும் என்பதையும் ஆலோசகர் சொல்லி, முடிவைப் பிள்ளையிடமே விட்டார். பிறந்தவுடனே தெரிந்திருந்தால் அறுவை செய்திருக்கலாமே என்று அக்காள் வருந்தியபோது, இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத் திருத்த அறுவைசிகிச்சை கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் கூறியதையும், அதே ஆண்டு தமிழக அரசு, உயிருக்கு ஆபத்தான சூழல் தவிர மற்றவற்றில் அதைத் தடைசெய்து ஆணையிட்டதையும் எடுத்துரைத்தார்.

கட்டணத்தைப் பற்றி ஒரு குறிப்பு. ஏற்பிக்கான ஏஆர் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய்வழியாக வரக்கூடும். ஆகவே அக்காளுக்கும் எனக்கும் என் மகளுக்கும் மரபணுச் சோதனை பரிந்துரைக்கப்பட்டது. அது குரோமோசோம் பரிசோதனைக் கட்டணத்தில் அடங்காது. முன்பதிவு செய்யும்போதே அதன் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அறிக்கையை ஆலோசகர் முன்னிலையில்தான் பிரிக்க வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள்.