உடைக்க விடுகிற இடம்: கலைக் கல்லூரியா, கோயில் சிற்ப வேலையா?

தங்கச்சியின் மகனுக்கு உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. சித்திரம் ஒரு பாடமாக எடுத்தவன். மனித உருவம் செய்யவேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை. போன கிழமை மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியில் என் வீட்டுத் திண்ணையில் வந்து இருந்து கேட்டான்: "மாமா, கம்பஸுக்குப் போறதா, இல்லாட்டி ஆசாரியாரோட கோயில் வேலைக்குப் போறதா?"

இரண்டிலும் இருந்து பார்த்தவன் நான். முதலில் ஒன்றரை வருடம் கோயில் சிற்ப வேலை. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக் கோயில்களிலும் கல்முனைக்குத் தெற்கேயும் ஆசாரியார் குழுவோடு சாரத்தில் ஏறி நின்றிருக்கிறேன். பிறகு நான்கு வருடம் கலைக் கல்லூரி. கேட்டவுடனே "கல்லூரிக்குப் போ" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அன்றைக்கு அவனுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசில் உதவியும் கிடைக்கும். கோயில் வேலையில் முதல் நாளே கையில் கூலி வரும். பட்டம் இருந்தால் சித்திர ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஆசாரியாரிடம் கற்றதற்குக் கடதாசி ஒன்றும் தரமாட்டார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லடியிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கொழும்பில் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம். அனுமதி விதிகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடத்துக் கைந்நூலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கைந்நூலை நம்பி இருக்கக்கூடாது.

ஆசாரியாரிடம் கற்றதை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். செங்கல்லை அடுக்கிக் கரு எழுப்புவது, கம்பியை வளைத்துக் கை நீட்டுவது, முரட்டுச் சாந்து, அதன்மேல் மெல்லிய சாந்து, கடைசியில் கரண்டி நுனியால் நகம், இமை, மணிமாலை. எல்லாம் வாயால் சொல்லாமல் கையால் காட்டிக் கற்பித்தார். அளவுக்கு நாடா எடுக்கமாட்டார். தென்னோலைக் கீற்றொன்றைக் கிழித்து, மடித்து மடித்து அதில் நகத்தால் கோடு போடுவார். முகத்தின் நீளம் ஒரு தாளம், அதில் பன்னிரண்டு அங்குலம். உத்தம தசதாளம் என்றால் உருவத்தின் முழு உயரம் 124 அங்குலம், சிவனுக்கும் விஷ்ணுவுக்கும். அம்பாளுக்கு மத்திம தசதாளம், 120. நவதாளம் 108. இந்த அங்குலம் அடிமட்டத்து அங்குலம் இல்லை. உருவம் பெருத்தால் அதுவும் பெருக்கும். கருவறைக்கு மேலே எழும் விமானத்தின் மேல் தட்டில் வைக்கும் உருவத்தைக் கொஞ்சம் முன்னே சாய்த்து, தலையை ஒரு சொட்டுப் பெருப்பிக்க வேண்டும், கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்குச் சரியாகத் தெரிய. இந்தப் பாடம் எனக்குச் சாரத்தில்தான் கிடைத்தது.

ஆனால் அந்த வேலையில் உடைக்க முடியாது. என் கணக்கில் எல்லாம் இந்த ஒன்றில்தான் வந்து நிற்கிறது.

சீமெந்துச் சாந்து குழைத்து வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் இறுகத் தொடங்கும். அடுத்த நாள் உளியும் சுத்தியலும் இல்லாமல் ஒன்றும் அசையாது. கும்பாபிஷேகத் திகதி குறித்தாயிற்று, சாரத்துக்கு வாடகை ஏறுகிறது, கீழே பரிபாலன சபையார் நிற்கிறார்கள். இடுப்பு பிழைத்துவிட்டால் ஒட்டியாணத்தை அகலப் போட்டு மூடத்தான் நேரம் இருக்கும். நான் தனியாகச் செய்த முதல் உருவம் விளக்கேந்திய பாவை. ஒரு காலில் நிற்கிறவளுக்கு அந்தப் பக்கத்து இடுப்பு உயரும், தோள் தாழும். நான் இரண்டையும் ஒரே பக்கம் உயர்த்திவிட்டேன். ஆசாரியார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மேலாடையைத் தோளில் தடிப்பாக விடச் சொன்னார். அவள் இன்றைக்கும் அந்த விமானத்தில் நிற்கிறாள். திருவிழாவுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

கல்லூரியில் கதை வேறு. நடுவில் மேடை, அதில் ஒரு ஆள். எங்களுக்கு மொடலாக நின்றவர் கரைவலை இழுக்கிற அண்ணன் ஒருவர். சாறனைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி, வலக்காலில் பாரம் போட்டு நிற்பார். இருபது நிமிடம் நிற்பார், ஐந்து நிமிடம் ஓய்வு. திரும்பி வந்தால் அதே இடத்தில் நிற்க, பாதத்தைச் சுற்றிச் சோக்கால் கோடு. நாங்கள் எட்டுப் பேர் சுற்றி நின்று களிமண் அப்புவோம். கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவரவர் பலகையைக் கொஞ்சம் திருப்பி, நாங்களும் இடம் மாறி, அடுத்த பக்கத்தைப் பார்க்கவேண்டும்.

மூன்றாம் கிழமை. என் உருவத்துக்கு முகம்கூட வந்துவிட்டது. மிஸ் வந்தார். தூக்குக்குண்டை எடுத்து, நூலைத் தொண்டைக் குழிக்கு முன்னால் பிடித்தார். "எங்க விழுது, பாரும்." குண்டு இரண்டு பாதத்துக்கும் நடுவில் வெறுமையில் தொங்கியது. பிறகு என்னை மேடைக்குக் கூட்டிப்போய் அந்த அண்ணனுக்கு முன்னால் அதே நூலைப் பிடித்தார். குண்டு வலக் கணுக்காலுக்கு நேரே நின்றது. பாரம் முழுக்க ஒரு காலில் விழும்போது தொண்டைக் குழி அந்தக் கணுக்காலுக்கு மேலே வந்துவிடும். வராவிட்டால் ஆள் விழுந்துவிடுவான். மிஸ் களி வெட்டும் கம்பியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, என் உருவத்தின் இடுப்புக்குக் கீழே குறுக்காக ஓட்டினார். மூன்று கிழமை வேலை சளக்கென்று பலகையில் விழுந்தது.

அன்றைக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனால் அந்தக் களிமண் அப்படியே வாளிக்குள் போய், பிசைந்து, அடுத்த நாள் திரும்ப ஏறியது. ஒரு சதம் நட்டமில்லை. அந்த உருவத்தை மூன்று தரம் கட்டினேன். மூன்றாம் தரம்தான், ஆசாரியார் வாயில் எத்தனையோ முறை கேட்ட ஆபங்கம் என்ற சொல் எனக்கு விளங்கியது. நேராக நின்றால் சமபங்கம், கொஞ்சம் வளைந்தால் ஆபங்கம், மூன்று இடத்தில் வளைந்தால் திரிபங்கம் என்று மனப்பாடமாக வைத்திருந்தேன். அது உடம்புக்குள் பாரம் இறங்கும் வழி என்பது ஒரு மீனவரின் இடுப்பில்தான் தெரிந்தது. அவர் காலை மாற்றும்போதெல்லாம் தோளும் இடுப்பும் எதிர்ப்பக்கமாகச் சரியும். அதை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

உடைக்கவேண்டும் என்றால் களிமண் உயிரோடு இருக்கவேண்டும். எங்கள் ஊரில் அது லேசான பாடு இல்லை. ஆடி மாதத்தில் காய்ந்து வீசும் கச்சான் காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மத்தியானம் நனைத்துப் போர்த்த சாக்கு பின்னேரம் முறுமுறுவென்று இருக்கும். களிமண் காயும்போது சுருங்கும், உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது, அதனால் வெடிக்கும். முதலில் போவது காது, மணிக்கட்டு, கணுக்கால் என்று மெல்லிய இடங்கள். ஒருமுறை மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கென்று வீட்டில் நின்றுவிட்டு நான்கு நாள் கழித்து வந்தேன். என் உருவத்தின் இடக்கை முழங்கையோடு கழன்று பலகையில் கிடந்தது. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து உடம்போடு ஒட்டச் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீனை இறுக்கமாகப் போர்த்தி, அடியில் கயிற்றால் கட்டுவேன். மழை பெய்யும் வாடைக் காலத்தில் பயம் எதிர்ப்பக்கம்: களி ஈரம் குடித்துக் கனத்துச் சரியும். அதற்குச் சின்னத் தடித்துண்டு இரண்டைச் சிலுவை மாதிரிக் கட்டி, உட்கம்பியிலிருந்து மார்புக்குள்ளும் தொடைக்குள்ளும் தொங்கவிட்டால் களியைத் தாங்கிப் பிடிக்கும். இப்படி ஒரு உருவத்தை மூன்று மாதம் ஈரமாக வைத்திருக்க இடமும் நேரமும் தருகிற ஏற்பாடு, நான் கண்டவரைக்கும் கல்லூரி ஒன்றுதான். வீட்டில் தனியாகச் செய்து பார்த்தேன். வேலைக்குப் போய்க்கொண்டு முடியவில்லை.

அச்செடுப்பதும் அங்கே கற்றதுதான். முதல் பூச்சுப் பிளாஸ்டரில் கொஞ்சம் நீலம் கலப்போம். பிறகு வெள்ளைப் பிளாஸ்டர் தடிப்பாக. களியைத் தோண்டி எடுத்து, உட்பக்கம் சவர்க்காரம் பூசி, உருவத்தை வார்த்து, அச்சை உளியால் கொத்தும்போது நீலம் கண்ணில் பட்டால் கையை மெதுவாக்கவேண்டும். தோல் அதற்கு அடியில் இருக்கிறது.

கல்லூரியில் குறை இல்லையா? இருக்கிறது. ஆடையில்லாத மொடல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இடுப்பு எலும்பை உடற்கூற்றுப் படத்திலும் என் சொந்த உடம்பிலும் தடவிப் பார்த்துத்தான் கற்றேன். விரலும் முத்திரையும் செய்வதில் கோயில் வேலைப் பெடியன்கள் எங்களைவிட எவ்வளவோ மேல். வேகத்திலும் அப்படித்தான். இன்னொன்று, உப்புக்காற்று. படிக்கும்போது நான் சீமெந்தில் செய்து முற்றத்தில் வைத்த உருவம் இரண்டு வருடத்தில் முழங்காலில் வெடித்தது. உள்ளே கம்பி கறள் பிடித்திருந்தது. கறள் பிடித்தால் கம்பி வீங்கும், சாந்தைப் பிளக்கும். மண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் அலசு, கம்பிக்கு மேல் சாந்து தடிப்பாக நிற்கட்டும், ஏழு நாள் நனை என்று ஆசாரியார் சொன்னதை நான் மறந்திருந்தேன்.

மாமல்லபுரத்தைப் பற்றியும் மருமகன் கேட்டான். 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரி. கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையைச் செய்த கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். கல்லில் மனம் இருந்தால் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நான் இரண்டு நாள் சுற்றிப் பார்த்தவன்தான், அங்கே படித்தவன் இல்லை. ஆனால் கருங்கல்லும் உடைத்துத் திரும்பக் கட்ட விடாத பொருள். உருவத்தைக் கண்ணுக்குள் பிடித்த பிறகு போகலாம் என்பது என் எண்ணம்.

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி தவறினால் என்ன செய்வது என்று தங்கச்சி கவலைப்படுகிறாள். பிரெஞ்சுச் சிற்பி ரொடான் பரிஸின் பெரிய கலைப்பள்ளிக்கு மூன்று தரம் முயன்றும் எடுபடவில்லை. அலங்கார வேலை செய்கிறவர்களிடம் கூலிக்கு இருந்துதான் கை பழகினார். ஆனால் 1877இல் அவர் காட்சிக்கு வைத்த 'வெண்கல யுகம்' என்ற உருவத்துக்காகப் பெல்ஜியப் படைவீரன் ஒருவனை முன்னால் நிறுத்தி ஒன்றரை வருட அளவு வேலை செய்தார். ஆளின் உடம்பிலேயே அச்செடுத்துவிட்டார் என்று குற்றம் சொல்லும் அளவுக்கு அது அச்சொட்டாக இருந்தது. பள்ளி கிடைக்காவிட்டாலும் நிற்கிற ஆளும், திரும்பக் கட்ட நேரமும் அவருக்கு வாய்த்தன.

பல்கலைக்கழக அனுமதி வர மாதக்கணக்காகும். அதுவரை ஆசாரியாரோடு போய் விரலும் நகமும் பழகச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் என் கொட்டிலுக்கு வரட்டும். வாளியில் களி நனைத்து வைத்திருக்கிறேன், தூக்குக்குண்டு ஆணியில் தொங்குகிறது. மொடலுக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை நானே சாறனை மடித்துக் கட்டி நிற்கிறேன்.