ஜோய்ஸில் தொடங்குவதா, ருஷ்டியில் தொடங்குவதா?

ஆங்கிலத்தில் உலக இலக்கியம் படிக்க இறங்கும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் முதலில் முட்டுப்படும் கேள்வி இது. ஜோய்ஸ் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி நவீனத்துவம், ருஷ்டி அதற்குப் பின்வந்த பின்நவீனத்துவம். என் சாய்வு நவீனத்துவத்தின் பக்கம். காலவரிசைக்காக இல்லை, புத்தகம் கைக்கு வருமா என்பதற்காக.

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பதிந்து படிப்பவருக்குப் பல்கலைக்கழக நூலகம் உண்டு. வெளிவாரியாகவோ தனியாகவோ படிப்பவருக்குப் போன்தான் நூலகம். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை இருக்கும். ஜோய்ஸும் வேர்ஜினியா வூல்ஃபும் 1941இல் இறந்தவர்கள். ஜோய்ஸின் 'டப்ளினர்ஸ்' (1914), வூல்ஃபின் 'மிஸிஸ் டலோவே' (1925) இரண்டையும் குட்டன்பேர்க் என்ற மின்னூல் தளத்தில் காசில்லாமல் இறக்கலாம். ருஷ்டியின் 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' (1981), கூட்ஸியின் 'ஃபோ' (1986) விலைக்குத்தான். கல்முனையில் இல்லாவிட்டால் கொழும்புக்குச் சொல்லி எடுப்பிக்க வேண்டும்.

இலவசத்திலும் சிக்கல் உண்டு. கவிஞர் டி. எஸ். எலியட் இறந்தது 1965இல். 'த வேஸ்ட் லேண்ட்' (1922) அமெரிக்காவில் உரிமை தீர்ந்தது. இங்கே 2035 முடியும்வரை தீராது. காஃப்காவின் ஜெர்மன் மூலம் பொதுச்சொத்து, ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றுக்கும் தனி உரிமை.

திரைக்கேற்ப வரி மடங்கும் ஈபப் (EPUB) கோப்பை எடுங்கள். பிடிஎப் என்றால் சின்னத் திரையில் வரிக்கு வரி பக்கவாட்டில் தள்ள வேண்டும். ஈபப்பில் நிலையான பக்க எண் இல்லை, கட்டுரை எழுதும்போது அது இடிக்கும். 'டப்ளினர்ஸ்' என்றால் கதையின் பெயரைச் சொல்லிச் சமாளிக்கலாம். 'மிஸிஸ் டலோவே'யில் அத்தியாயமே கிடையாது. மேற்கோள்களை மட்டும் அச்சுப் பிரதியில் தேடிப் பக்க எண் குறிக்க வேண்டிவரும்.

'டப்ளினர்ஸ்' 15 கதைகளில் 'எவலின்', 'அரபி' இரண்டையும் முதலில் படியுங்கள். நீளமான 'த டெட்' கடைசியில். 'டலோவே' நடப்பது ஒரே நாளில், ஆனால் யாருடைய மனதுக்குள் நிற்கிறோம் என்பது பந்தியின் நடுவிலேயே மாறிவிடும். மாறும் இடத்தில் ஆளின் பெயரையும், பிக் பென் அடிக்கும் இடங்களையும் குறித்து வாருங்கள். ஜோய்ஸின் நாவல் 'யுலிசிஸ்' 18 பகுதி. மூன்றாவதில், ஸ்டீபன் கடற்கரையில் தனியே நடக்கும்போது, பலர் மூடிவைத்துவிடுவார்கள். நான்காவதில், ப்ளூம் மனைவிக்குக் காலைச் சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் தொடங்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. முதல் பகுதியைப் போலவே அங்கும் நேரம் காலை எட்டு மணிதான்.

மறுபக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ருஷ்டியின் ஆங்கிலத்தில் நம் பக்கத்து வாய்ப்பேச்சு கேட்கும். ஆனால் 'ஃபோ', 1719இல் வந்த 'ராபின்சன் குரூசோ'வை மாற்றி எழுதிய நாவல். மூலம் தெரியாமல் பாதி விளங்காது. அந்த மூலமும் இலவசம்தான். லத்தீன் அமெரிக்க எழுத்துக்கு, நவீனத்துவம் முதலில் என்ற இந்த வரிசை பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். அர்ஜென்டினாவின் போர்ஹெஸ் 1940களிலேயே தன் வழியில் போய்விட்டார்.

பின்நவீனத்துவத்தில் ஒரே ஒரு நூலுக்குத்தான் காசு என்றால் இலங்கையில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சியின் 'ரன்னிங் இன் த ஃபேமிலி' (1982) வாங்குங்கள். மெல்லிய புத்தகம், குடும்ப வதந்தி, கவிதை, புகைப்படம் எல்லாம் கலந்து கிடக்கும், இடமும் இலங்கை.