மாடியில் விரித்த பத்தடி கிரீன்

கோல்ஃபில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு கிரீன் என்று பெயர். அங்கே ஆடுவதுபோலப் பந்தைக் குழிக்குள் தட்டிப் பழக இணையத்தில் வாங்கிய பத்தடிப் பாய் இது. நினைத்தபோதெல்லாம் கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்துக்கு மலையேற முடியுமா? அதனால் அண்ணாநகர் வீட்டு மாடியில் விரித்து நானும் சகலையும் ஆடுகிறோம்.

பந்து கோணாமல் ஓடுகிறது. குழிக்கு முன்னால் சின்ன ஏற்றம் இருக்கிறது. வேகம் போதாவிட்டால் பந்து உருண்டு நம்மிடமே வந்துவிடும். மதுரை வெயிலுக்கு மட்டும் பாயின் ஓரம் அப்பளமாகச் சுருள்கிறது. சாயங்காலம் தரை ஆறிய பிறகு விரித்தால் சரி.

அகலம் ஓரடிதான். என் பந்து அடிக்கடி சகலையின் பந்தை இடிக்கும். "அண்ணே, ரெண்டு ஸ்ட்ரோக் அபராதம்!" என்று குதிப்பார். அது மொத்த அடிகளை (ஸ்ட்ரோக்) எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் பிளேயில், அதுவும் அடிக்கும் முன் இரண்டு பந்துகளும் கிரீனில் இருந்தால்தான். ஒவ்வொரு குழியையும் யார் வென்றார் என்று பார்க்கும் மேட்ச் பிளேயில் அபராதமே கிடையாது. என் பந்தை நின்ற இடத்திலிருந்து ஆட வேண்டும், அவர் பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். மறிக்கிறது என்றால் முன்பே குறியிட்டு எடுக்கச் சொல்லலாம். 1952-க்கு முன் மறிக்கும் பந்தைப் பெரும்பாலும் தாண்டியோ சுற்றியோதான் அடிக்க வேண்டும், ஸ்டைமி என்பார்கள். இந்தப் பாயில் அதற்கு வழியே இல்லை!

அப்புறம், குழியோரம் நிற்கும் பந்தை "போட்டதாக வச்சுக்கங்க" என்று விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு மாற்றிப் பேசுவார். மேட்ச் பிளேயில் விட்டுக்கொடுத்தால் கொடுத்ததுதான். நான் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

ஹாலில் இடமிருந்தால் தாராளமாக வாங்கலாம். மாடி மட்டுமே கதி என்றால் யோசியுங்கள்.