கசடு ஏற்ற ஸ்க்ரூ பம்ப்: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கசடை அழுத்தித் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் ஃபில்டர் பிரஸ்ஸுக்கு அதை ஏற்ற, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஸ்க்ரூ பம்ப் வாங்கினோம். 3 எச்பி மோட்டார், கியர் பாக்ஸ், உள்ளே சுழலும் திருகான ரோட்டார் எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகு), அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் உறையான ஸ்டேட்டர் நைட்ரைல் ரப்பர். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் டிரை ரன், அதாவது உள்ளே கசடு இல்லாமல் வெறுமனே ஓடுவது, அதற்குப் பாதுகாப்பு இல்லாமல் ஸ்விட்சைப் போடாதீர்கள்.

முன்பு இருந்தது நிமிடத்துக்கு 2900 சுற்றில் ஓடும் சென்ட்ரிபியூகல் பம்ப். பாலிமர் போட்டுக் கசடைத் திரிந்த பால் மாதிரி திரளவைப்போம், அந்தப் பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரம் போகிற வழியிலேயே அதை அடித்துக் கூழாக்கிவிடும், பிரஸ்ஸின் வடிகட்டும் துணி அடைத்துக்கொள்ளும், நாலு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பிரஸ்ஸைத் திறந்தால் தட்டுகளுக்கு நடுவிலிருந்து சேறுதான் வழியும். இந்த ஸ்க்ரூ பம்ப் 200 சுற்றுக்குப் பக்கத்தில் மெதுவாக ஓடுகிறது, திரண்டது திரண்டபடியே போய்ச் சேருகிறது. இப்போது கேக், அதாவது பிழிந்த கசடுக் கட்டி, பலகை மாதிரி கழன்று விழுகிறது, கையால் ஒடித்தால் பொட்டென்று உடைகிறது. இன்னொன்று, கேக் கட்டக் கட்ட பிரஷர் ஏறும். சென்ட்ரிபியூகல் அங்கேயே திணறிவிடும், இது 5 கிலோ பிரஷரிலும் கிட்டத்தட்ட அதே அளவு தள்ளுகிறது. அதனாலேயே டெலிவரி வால்வை மூடிவைத்து இதை ஓட்டவே கூடாது, பைப்போ ஸ்டேட்டரோ ஏதாவது ஒன்று கிழியும். பிரஷர் எல்லை மீறினால் பம்ப்பை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச் கட்டாயம்.

சரி, டிரை ரன். ஏழாவது மாதம் ஒரு ராத்திரி கசடுத் தொட்டி காலியானது தெரியாமல் பம்ப் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ரப்பர் கருகுகிற வாடை வந்த பிறகுதான் ஆபரேட்டர் ஓடிப்போய் நிறுத்தினார். கழற்றினால் ஸ்டேட்டரின் உள்பக்கம் கருகிப் பட்டை பட்டையாக உரிந்து கிடந்தது. இந்தப் பம்ப்பில் ரோட்டாருக்கும் ரப்பருக்கும் நடுவில் ஓடுகிற கசடுதான் எண்ணெய் மாதிரி, அது இல்லாவிட்டால் ஒரு சில நிமிடம் போதும்.

புது ஸ்டேட்டருக்கு விற்றவர்களிடம் கேட்டால் ஸ்டாக் இல்லை என்றார்கள், வந்து சேர 19 நாள். விற்கும்போது இருந்த வேகம் அப்போது இல்லை, இன்னும் வருத்தம்தான். அத்தனை நாளும் கசடு படியும் தொட்டியான கிளாரிஃபையரில் கசடு ஏறிக்கொண்டே வந்தது. நாங்கள் ஒரு சொட்டு வெளியே விட முடியாத ஜீரோ டிஸ்சார்ஜ் ஊர்க்காரர்கள், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்ததையும் நொய்யல் ஆறு ஓடிய நிறத்தையும் பார்த்தவர்கள். அந்த 19 நாள் தூக்கமே இல்லை.

அப்புறம் தொட்டியில் லெவல் ஃப்ளோட், ஸ்டேட்டரில் டெம்பரேச்சர் சென்சார் இரண்டும் போட்டோம். இரண்டாவது ஸ்டேட்டர் 17 மாதமாக ஓடுகிறது. போன மாதத்திலிருந்து பிரஸ் நிரம்ப அரை மணி நேரம் கூடுதலாக ஆகிறது, தேய ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது ஸ்டேட்டர் ஸ்டோரில் தயாராக இருக்கிறது.