இரண்டு நாத்திகர்கள், இரண்டு வளர்ப்புகள்

பிரிட்டிஷ் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ், அமெரிக்காவின் முன்னாள் பிரசங்கியார் டேன் பார்க்கர் இருவருமே நாத்திகர்கள். கிறிஸ்தவத்தை அவர்கள் பார்க்கும் விதம் மட்டும் ஒன்றல்ல. வளர்ப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

டாக்கின்ஸ் இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வளர்ந்தவர். 13 வயதில் திடப்படுத்தலும் (விசுவாசத்தைத் தானே உறுதிசெய்யும் சடங்கு) பெற்றார். மதத்தைக் கடுமையாக எதிர்த்த அவரே 2024-ல் தன்னைப் பண்பாட்டுக் கிறிஸ்தவர் என்றார். கிறிஸ்துமஸ் கீதங்களும் பேராலயங்களும் பிடிக்கும், நம்பிக்கைதான் இல்லை.

பார்க்கர் அமெரிக்க சுவிசேஷக் குடும்பத்துப் பிள்ளை. பதின்ம வயதிலேயே ஊழியத்துக்கு வந்து, சுமார் 19 ஆண்டுகள் பிரசங்கித்தார். பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ இசை நாடகங்களும் எழுதினார். வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று நம்பியவர் அவர். அப்படிப்பட்ட நம்பிக்கையில் ஒரு வசனம் ஆடினால் எல்லாமே ஆடும். ஆதாம் ஏவாள் கதையை வரலாறாகக் கொள்ளாத கிறிஸ்தவர்களைச் சந்தித்தது அவரை யோசிக்க வைத்தது. 1984-ல் வெளிப்படையாக விலகினார். அப்புறம் அரசையும் மதத்தையும் பிரித்து வைக்கப் போராடும் அமைப்பில் சேர்ந்து, அதன் தலைவர்களில் ஒருவரானார்.

டாக்கின்ஸுக்கு இழக்க அதிகம் இருக்கவில்லை. அதனால் கீதங்களை ரசிப்பது எளிது. பார்க்கர் தொழிலையும் தன் உலகத்தையும் விட்டுவிட்டு வந்தவர். கிறிஸ்தவத்தை விமர்சிக்கும்போது அவர் சொல்வதற்கே நான் அதிகம் காது கொடுப்பேன்.