86 பேக்கேஜ், ஒரே கோப்பு: பிஎன்பிஎம் ஒர்க்ஸ்பேஸ், ஆறு மாதம் கழித்து

எங்கள் ரெப்போவில் (எல்லாக் கோடும் இருக்கும் ஒரே கிடங்கு) 86 ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்கள், அதாவது தனித்தனி கோட் துண்டுகள். இவற்றை இன்ஸ்டால் செய்து இணைக்கும் பிஎன்பிஎம் என்ற கருவிக்கு மாறி ஆறு மாதம் ஆகிறது. அதற்கு முன்பு நிலைமை வேறு. புதிதாக ஒன்று தொடங்கினால் நாலு இடத்தில் பெயர் எழுத வேண்டும்: லெர்னாவின் (பல பேக்கேஜ்களைச் சேர்த்து நடத்தும் கருவி) ஜேசன் கோப்பு, ரூட் பேக்கேஜ்.ஜேசனின் ஒர்க்ஸ்பேஸஸ் பட்டியல், டைப்ஸ்கிரிப்ட் ரெஃபரன்ஸஸ், கன்டெய்னர் கட்டும் டாக்கர்ஃபைல். ஒன்றில் விட்டுப்போனால் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போன கதைதான். அச்சடிக்கும்போது யாருக்கும் தெரியாது, பந்தியில் வெடிக்கும். எனக்குப் போன வருடம் வெடித்தது. தேதி கணக்கிடும் குட்டி பேக்கேஜ் ஒன்றை லெர்னா பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டேன். மூன்று வாரம் அதன் டெஸ்ட் சிஐயில் (கோடைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) ஓடவே இல்லை. போர்டு முழுக்கப் பச்சை.

2023இல் வந்த லெர்னா 7, ஒர்க்ஸ்பேஸஸ் பட்டியலைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதற்கு மாறியிருந்தாலே ஒரு பட்டியல் குறைந்திருக்கும். எப்படியும் கை வைக்கிறோம், முழுசாகவே மாற்றிவிடலாம் என்று பிஎன்பிஎம் பக்கம் போனோம்.

ரூட்டில் ஒரு யாம்ல் கோப்பு. அதில் 'ஆப்ஸ்/*', 'லிப்ஸ்/*' என்று இரண்டு வரி. அந்தக் கோலத்துக்குப் பொருந்தும் ஃபோல்டரில் பேக்கேஜ்.ஜேசன் இருந்தால் அது பேக்கேஜ், இல்லாவிட்டால் கிடையாது. அவ்வளவுதான் சட்டம். புதிய ஃபோல்டர் போட்டு இன்ஸ்டால் அடித்தால் உள்ளே வந்துவிடுகிறது.

முதல் நாள் ஆசைப்பட்டு, எந்த ஆழத்து ஃபோல்டருக்கும் பொருந்தும் '**' போட்டேன். டெஸ்டுக்காக வைத்திருந்த பொம்மை ப்ராஜெக்ட்களும் உண்மை பேக்கேஜ்களாகிவிட்டன. ஆச்சரியக்குறி போட்ட வரிகளால் அவற்றை விலக்கலாம். நான் '**'ஐயே எடுத்துவிட்டேன். எவ்வளவு ஆழத்தில் பேக்கேஜ் இருக்கலாம் என்பதை நாம் முடிவு செய்வதே நிம்மதி.

குறை என்றால் அதன் மௌனம். ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் கருவியான கார்கோவில் இதே மாதிரி நட்சத்திரம் போட்டு, பொருந்திய ஃபோல்டரில் கார்கோ.டாம்ல் இல்லையென்றால் பில்டே நின்றுவிடும். பிஎன்பிஎம் பேசாமல் தாண்டிப் போகிறது. எந்தப் பேக்கேஜில் கட்டளை ஓட வேண்டும் என்று சொல்லும் ஃபில்டரில் நான் ஒரு பெயரைத் தப்பாக அடித்தபோது, எதுவும் பொருந்தவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு வெற்றியாகவே முடித்தது. மறுபடியும் பச்சை! பொருத்தம் இல்லாவிட்டால் தோல்வியாக்கும் '--ஃபெயில்-இஃப்-நோ-மேட்ச்' என்ற ஃபிளாகை இப்போது சிஐயில் கட்டாயமாக்கியிருக்கிறேன். அதுவே இயல்பாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று, பிஎன்பிஎம் 9ஆம் பதிப்பிலிருந்து உள்ளூர் பேக்கேஜைத் தானாக இணைப்பதில்லை. 'ஒர்க்ஸ்பேஸ்:' என்று தொடங்கி எழுத வேண்டும். மாற்றும்போது முனகினேன். ஆனால் எது நம் வீட்டுப் பிள்ளை, எது ரெஜிஸ்ட்ரி என்ற இணையப் பொதுக் கிடங்கிலிருந்து வருவது என்று இப்போது கோப்பைப் பார்த்தாலே தெரிகிறது.

டாக்கர்ஃபைலில் பேக்கேஜ்.ஜேசன்களை ஒவ்வொன்றாக நகலெடுத்த 86 வரிகளும் போய்விட்டன. பேக்கேஜ்களை முன்கூட்டியே இறக்கும் பிஎன்பிஎம் ஃபெட்ச் கட்டளைக்கு, பதிப்புகளைக் குறித்து வைக்கும் லாக் கோப்பு மட்டும் போதும். முழுச் சோர்ஸும் அதற்குப் பிறகு வந்தால் சரி.

டைப்ஸ்கிரிப்ட் மட்டும் மசியவில்லை. ரெஃபரன்ஸஸை அது யாம்லைப் பார்த்து எடுத்துக்கொள்ளாது, நாம்தான் எழுத வேண்டும். ரிகர்சிவ் லிஸ்ட் கட்டளை தரும் பட்டியலிலிருந்து அதை உருவாக்க நாற்பது வரி ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருக்கிறேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று அந்த ஃபிளாகுக்காக, ஸ்கிரிப்டுக்காக இல்லை.