சம்பளம் நின்ற மாதத்தில் தெரிந்த வித்தியாசம்: பொதுத்துறை வங்கியா, தனியார் வங்கியா?

பதினோரு ஆண்டுகள் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நான், வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தபோது, மருத்துவக் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, வருமான வரி என்று எல்லாவற்றையும் பட்டியலிட்டு யோசித்தேன். வங்கிக் கணக்கு அந்தப் பட்டியலில் இல்லை. அலுவலகம் திறந்து கொடுத்த பெரிய தனியார் வங்கியின் சம்பளக் கணக்கு என்னிடம் இருந்தது. கல்லூரியில் உதவித்தொகைக்காகத் திறந்து, பிறகு ஏறெடுத்தும் பார்க்காமல் விட்ட பொதுத்துறை வங்கிக் கணக்கு ஒன்றும் இருந்தது. இன்று என் அன்றாட வரவு செலவு முழுவதும் அந்தப் பழைய கணக்கில்தான் நடக்கிறது. ஆகவே, நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரு வங்கிகளின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. வீழ அனுமதிக்க முடியாத அளவுக்கு முக்கியமானவை என்று ரிசர்வ் வங்கி அறிவித்துள்ள மூன்று வங்கிகளில் ஸ்டேட் பேங்க் பொதுத்துறையைச் சேர்ந்தது. எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ இரண்டும் தனியார். ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை என்ற வைப்புக் காப்பீடும் 2020 பிப்ரவரியிலிருந்து இரு தரப்புக்கும் ஒன்றுதான். 2020 மார்ச்சில் யெஸ் வங்கியில் சில நாட்களுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் போனதை நினைவுபடுத்துபவர்கள் உண்டு. ஆனால் அது பெரிய தனியார் வங்கிகள் எல்லாவற்றின் மீதும் வைக்கக்கூடிய குற்றச்சாட்டு அல்ல. வட்டியிலும் ஒப்பிட ஒன்றுமில்லை. 2011 அக்டோபரில் சேமிப்புக் கணக்கு வட்டியை வங்கிகளே நிர்ணயிக்கலாம் என்று விடப்பட்டபோது பெரும் போட்டி வரும் என்று எதிர்பார்த்தோம். 2025 ஜூனில் ஸ்டேட் பேங்க், எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ ஆகிய மூன்றும் ஒரே 2.5 சதவீதத்தில் வந்து நின்றன.

செயலியில் தனியார் வங்கி முந்தி நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் கையாண்ட இரண்டில், தனியார் வங்கியின் செயலியில் மூன்று தட்டலில் முடியும் வேலைக்குப் பொதுத்துறை வங்கியின் செயலியில் இரண்டு முறை கடவுச்சொல் கேட்கும். ஆயினும் இந்த முந்துதலைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. தொடர்ந்து நேர்ந்த தடங்கல்களுக்காக 2020 டிசம்பரில் எச்டிஎஃப்சி வங்கியின் புதிய டிஜிட்டல் அறிமுகங்களையும் புதிய கிரெடிட் கார்டு வழங்கலையும் ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. அந்தக் கட்டுப்பாடுகள் முழுவதுமாக நீங்கியது 2022 மார்ச்சில்தான். மேலும், என் கட்டணங்களில் பெரும்பாலானவை யுபிஐ வழியாகப் போகின்றன. அதற்கு நான் வங்கியின் சொந்தச் செயலியைத் திறப்பதே இல்லை என்பதால், எந்த வங்கி என்பது அங்கே கண்ணுக்கே தெரிவதில்லை.

கிளைச் சேவையில் பொதுத்துறை வங்கி என்னைச் சோதித்தது உண்மை. உறங்கிக் கிடந்த கணக்கை எழுப்பவும் கைபேசி எண்ணை மாற்றவும் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. முதல் முறை, நான் படிவத்தில் போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு அந்த அலுவலர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பதினெட்டு வயதில் நான் போட்ட கையெழுத்து அங்கே இருந்தது. பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் புறப்பட்டுக் கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது. “சார், இந்த வால் எங்க போச்சு?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. மறுமுறை ஆதாரும் பான் அட்டையும் நகலெடுத்துப் போய், புதிய மாதிரிக் கையெழுத்தையும் பதிந்துவிட்டு வந்தேன். தனியார் வங்கியில் இதே வேலைக்கு நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். எழுந்து வருவதற்குள் ஒரு காப்பீட்டுத் திட்டத்தையும் விளக்கிவிடுவார்கள்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய வித்தியாசங்கள். என் முடிவைத் தீர்மானித்தது குறைந்தபட்ச இருப்பு என்ற ஒரே விஷயம்.

சம்பளக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். சம்பளம் வருவது நின்றால், வழக்கமாக மூன்று மாதத்தில், அதே கணக்கு சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறிவிடும் என்பதும் அந்தக் கணமே இருப்பு நிபந்தனை வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதும் பலருக்கும் அபராதம் பிடித்த பிறகே தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வங்கி குறுஞ்செய்தி அனுப்பாமல் இல்லை; முன்னறிவிப்பு கொடுத்து, இருப்பைச் சரிசெய்யக் குறைந்தது ஒரு மாத அவகாசமும் தர வேண்டும் என்பது 2015 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. தனிநபர் கடன், கார் கடன், பண்டிகைத் தள்ளுபடி என்று அதே வங்கி அனுப்பிய செய்திகளுக்கு நடுவே அந்த ஒன்றை நான் படிக்கவில்லை.

நிபந்தனையின் பெயர் “சராசரி மாத இருப்பு”. இந்தச் சராசரிதான் ஆளை ஏமாற்றும். ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் உள்ள தொகையைக் கூட்டி, அந்த மாதத்தின் நாட்களால் வகுக்கிறார்கள். எனக்கு நிபந்தனை 10,000 ரூபாய். அந்த மாதம் 26-ஆம் தேதி வரை கணக்கில் ஆயிரம் ரூபாய் இருந்தது. 27-ஆம் தேதி ஒரு பதிப்பகத்திலிருந்து 40,000 ரூபாய் வந்தது. மறுமாதம் முதல் தேதி வாடகையும் தவணையும் போயின. மாத இறுதியில் 41,000 ரூபாய் வைத்திருந்த நான் நிபந்தனையை மீறியிருப்பேன் என்று நினைக்கவே இல்லை. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருந்தது: 26 நாட்களுக்கு 26,000, நான்கு நாட்களுக்கு 1,64,000, கூட்டினால் 1,90,000; முப்பதால் வகுத்தால் 6,333. குறைவு 3,667 ரூபாய். அபராதம் அதில் 6 சதவீதம், அதாவது 220 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 39 ரூபாய் 60 காசு, ஆக 259 ரூபாய் 60 காசு. பத்தாயிரம் ரூபாயை ஓராண்டு முழுக்கச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால் 2.5 சதவீதத்தில் கிடைக்கும் வட்டி 250 ரூபாய். ஒரு மாத அபராதம் ஓராண்டு வட்டியை விழுங்கிவிட்டு, ஒன்பது ரூபாய் கூடுதலாகவும் கேட்கிறது.

இதே சராசரியின் மறுபக்கம் இன்னும் வேடிக்கையானது. யாரிடமாவது மூன்று லட்சம் ரூபாய் கைமாற்று வாங்கி ஒரே ஒரு இரவு கணக்கில் வைத்திருந்தால், மீதி 29 நாட்களும் கணக்கு வெறுமையாகக் கிடந்தாலும் அந்த மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் நிபந்தனை நிறைவேறிவிடும். கையில் மொத்தமாகப் பணம் புழங்குபவருக்கு இந்த விதி ஒரு பொருட்டே அல்ல. துண்டு துண்டாகச் சம்பாதிப்பவரை மட்டும்தான் அது பிடிக்கிறது.

எவ்வளவு தொகை என்பது கிளை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. 2025 ஆகஸ்டில் எச்டிஎஃப்சி வங்கி, பெருநகர, நகரக் கிளைகளில் புதிதாகத் திறக்கும் சேமிப்புக் கணக்குகளுக்கு இதை 10,000-இலிருந்து 25,000 ரூபாயாக உயர்த்தியது. ஐசிஐசிஐ 50,000 என்று அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் 15,000-க்கு இறங்கி வந்தது. குறைவில் 6 சதவீதம், உச்சவரம்பு 500 அல்லது 600 ரூபாய் என்பது இந்தப் பெரிய தனியார் வங்கிகளிடையே பரவலாக உள்ள அபராத அளவு. அபராதமே கட்டாமல் ஒழுங்காக இருப்பை வைத்திருப்பவருக்கும் செலவு உண்டு: 25,000 ரூபாயை 2.5 சதவீதத்தில் கட்டிப்போடுவதற்குப் பதிலாக நிரந்தர வைப்பில் 6 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 875 ரூபாய் அதிகம் வந்திருக்கும். கணக்கு வைத்திருப்பதற்கான வாடகை என்றே அதைச் சொல்வேன்.

மறுபுறம், ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்சில் எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் இந்த நிபந்தனையை நீக்கியது. 2025-இல் கனரா வங்கி ஜூனிலும், பஞ்சாப் நேஷனல், பேங்க் ஆஃப் பரோடா, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி ஆகியவை ஜூலையிலும் அபராதத்தைக் கைவிட்டன. இதைப் பொதுத்துறையின் தயாள குணம் என்று புகழ நான் தயாரில்லை. இதே ஸ்டேட் பேங்க் 2017 ஏப்ரலில் பெருநகரங்களில் 5,000 ரூபாய் நிபந்தனையை மீண்டும் கொண்டுவந்து, ஊரே திட்டிய பிறகு அக்டோபரில் 3,000 ஆகக் குறைத்ததும் நினைவிருக்கிறது. நாளை மறுபடியும் வரலாம். டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணத்தை 2024 ஏப்ரலில் 125-இலிருந்து 200 ரூபாயாக உயர்த்தியதும் அதே வங்கிதான். ஒரு பக்கம் விட்டதை இன்னொரு பக்கம் பிடிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லாமல் இல்லை.

ஆனாலும் ஆண்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த கட்டணம் வேறு, கையில் பணமில்லாத மாதம் பார்த்து வரும் கட்டணம் வேறு. முன்னதற்குத் திட்டமிட்டுக்கொள்ளலாம். பின்னது, இருப்பதிலிருந்தே எடுத்து மறுமாதச் சராசரியையும் கீழே தள்ளிவிடும். அபராதத்தால் மட்டும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. பூஜ்யம் வரை போவதற்கு அந்த விதியில் தடை இல்லை. இரண்டு ஆண்டுகள் நாமாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றது என்று வகைப்படுத்தப்படும். அதன்பிறகு எந்த வங்கியும் அபராதம் பிடிக்க முடியாது, மீண்டும் இயக்கக் கட்டணமும் கேட்க முடியாது, வட்டியையும் வரவு வைத்தாக வேண்டும். என் கல்லூரிக் கணக்கில் 1,840 ரூபாய் விட்டிருந்தேன். எழுப்பியபோது அதுவும் வட்டியும் அங்கேயே இருந்தன. தனியார் வங்கிக்கும் இதே விதிதான் என்பதால் இதைப் பொதுத்துறையின் வெற்றியாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் செயலற்றதாகும் வரையிலான அந்த இருபத்துநான்கு மாதங்களில் என்ன நடக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

தனியார் வங்கியே போதும் என்று இருக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். சம்பளம் தடையின்றி வருபவர், எப்போதும் ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் கணக்கில் வைத்திருப்பவர், கிளைக்குப் போக நேரமே இல்லாதவர் ஆகியோர் மாற வேண்டிய அவசியம் இல்லை. வெளிநாட்டுப் பணம் அடிக்கடி பெறுபவர்கள் என் கணக்கை வைத்து முடிவெடுக்க வேண்டாம்; எனக்கு அப்படி வந்தது இரண்டே முறைதான், இரண்டும் சிக்கலின்றி வந்தன. தனியார் வங்கியை விடவும் மனமில்லை, இருப்பு வைக்கவும் வழியில்லை என்பவர்கள், அதே கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுத்துமூலம் கேட்கலாம். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு இல்லை. இப்படி ஒன்று இருப்பதைக் கிளையில் தாமாக முன்வந்து சொல்ல மாட்டார்கள்.

மாறுவது என்று முடிவு செய்தால், புதிய கணக்கு திறப்பது சுலபம். பழையதிலிருந்து கழன்று வருவதுதான் நீண்ட வேலை. தவணைகள், மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி, மின்கட்டணம் போன்ற மாதாந்திரப் பிடித்தங்கள் நினைவில் இருக்கும். எரிவாயு மானியம் கடைசியாக ஆதார் இணைத்த வங்கிக்குத்தான் போகும் என்பதும், கூடுதலாகக் கட்டிய வருமான வரியைத் திரும்பப் பெற வரித்துறைத் தளத்தில் புதிய கணக்கைச் சரிபார்த்து வைக்க வேண்டும் என்பதும் எளிதில் மறந்துபோகும். நான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாக நம்பி, பழைய கணக்கை மூடக் கடிதமும் எழுதி வைத்துவிட்டேன். கொடுக்கப் போகும் முன், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பிடிக்கப்படும் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் ஒன்று அந்தக் கணக்கைத்தான் நம்பியிருக்கிறது என்பது தெரிந்தது. இன்னும் இப்படி எத்தனை இருக்குமோ என்ற பயத்தில் ஒரு முழு ஆண்டு காத்திருந்தேன். அந்தப் பன்னிரண்டு மாதமும் அபராதத்துக்குப் பயந்து பழைய கணக்கில் பத்தாயிரம் ரூபாயைத் தொடாமல் வைத்திருந்து, மூடிய அன்றுதான் அதைக் கையில் வாங்கினேன்.